மாலை நேர மேசை: எடை குறைந்த மின்பெட்டி

சென்ற இதழில் இஸ்திரிப் பெட்டியின் இழை அறுந்தால் செய்யவேண்டியது யாதென எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர், இஸ்திரிப் பெட்டி இருக்கட்டும், சங்கத்து ஆம்ப்ளிபயரைப் பிரித்து மேசைமேற் போட்டு ஐந்து மாதம் ஆயிற்றே, அதன் கதி என்ன என்று கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்விதான். விடை சற்றே நீண்டது. நமது பிழையொன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஆதலின் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கினோம்.

பழைய ஆம்ப்ளிபயரை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருவர் இருபுறமும் பிடித்தாலன்றி அது நகராது. குடியிருப்பிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுபோகக் கல்யாண் நிலையத்து நடைமேம்பாலத்தின் படிகளில் அதைத் தூக்கி ஏறியவர்கள் ஆண்டுதோறும் மறுநாள் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டார்கள். எடையில் பெரும்பங்கு உள்ளேயிருந்த இரும்பு டிரான்ஸ்பார்மருடையது. கடந்த நவராத்திரியின் ஏழாம் நாள் அது புகைந்து ஓய்ந்தது. புதிதாக ஒன்று வாங்கலாமென்றால், நமக்கு வேண்டிய வலுவுக்கு வளையவடிவ டிரான்ஸ்பார்மரே ஏறத்தாழ இரண்டு கிலோ நிற்கும். ‘இனியும் இரும்பைச் சுமப்பானேன்? கணினிக்குள் இருப்பதுபோன்ற எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை நாமே செய்துவிடுவோம்’ என்று செயற்குழுவில் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் நமக்கு அவ்வளவு துணிவு எங்கிருந்து வந்ததென இப்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

எடை குறைவதன் மர்மம் என்ன? நம்மூர் ரயிலைக் கொண்டே விளக்கலாம். ஒரு நிலையத்தில் மணிக்கொரு வண்டிதான் வருமென்றால், அந்த ஒரு மணி நேரமும் வந்து குவியும் கூட்டமனைத்தையும் தாங்க நீண்டகன்ற பிளாட்பாரம் வேண்டும். நிமிடத்திற்கொரு வண்டி வருமாயின் கூட்டம் சேர நேரமேது? சிறு திண்ணை போதும். அன்றாடம் போகும் ஆட்கள் இரண்டிலும் ஒரே எண்ணிக்கைதான். டிரான்ஸ்பார்மரின் உட்கரு அத்தகைய பிளாட்பாரம். காந்தம் அங்கே குவிகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அரைச் சுழற்சிக்கு 10 மில்லி நொடி. அதுவரை காந்தம் ஏறிக்கொண்டே போவதால் பெரிய இரும்பு வேண்டியிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். முதலில் அந்த மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிப் பின்னர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாற்றுகிறது. நாம் செய்ததில் நொடிக்கு 47,000 சுழற்சி. அரைச் சுழற்சிக்குப் பத்தரை மைக்ரோ நொடி, அதாவது முன்னதில் ஏறத்தாழ 950இல் ஒரு பங்கு. இவ்வளவு விரைவுக்கு இரும்புத் தகடு உதவாது, சூடேறிப் போகும். அதற்கென ஃபெரைட் என்னும் கரிய ஓட்டுப்பொருள் இருக்கிறது. இரும்பு தாங்கும் காந்தச் செறிவில் எட்டிலொரு பங்கையே நாம் ஃபெரைட்டின்மேல் ஏற்றினோம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆதாயம் பெரிது. நாம் கையாண்ட ஈ.டி.டி. 34 என்னும் உட்கரு நாற்பது கிராம் அளவே இருக்கும்.

இவையொன்றும் நேற்று வந்தவையல்ல. ஃபெரைட்டை 1930இல் டோக்கியோவில் கட்டோ, டக்கேய் என்னும் இருவர் கண்டறிந்தனர். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்பவர் இம்முறையிலேயே சிறிய மின்பெட்டியை அமைத்தார். இன்று கைப்பேசிக்கு மின்னூட்டும் குமிழ் அளவுப் பொருளிலும் இருப்பது இதுவே.

பொருள்களுக்காகத் தாதரில் வண்டி மாறிக் கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலைக்குச் சென்றோம். அச்சாலைக்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்ற பெயருண்டு. ஆயினும் கடைக்காரர் முதல் டாக்சிக்காரர் வரை எவரும் பழைய பெயரைவிட்டபாடில்லை. ஐ.ஆர். 2153 என்னும் எட்டுக்கால் சில்லு ஒன்று, ஐ.ஆர்.எஃப். 740 மாஸ்ஃபெட் இரண்டு, ஃபெரைட் உட்கரு, அதற்கேற்ற பாபின் ஆகியவற்றை அங்கே வாங்கினோம். 200 வோல்ட் தாங்கும் 330 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டும், நுழைவாயில் வடிகட்டியும் உடைந்த கணினி மின்பெட்டியொன்றிலிருந்து கழற்றியவை. ஆம்ப்ளிபயர் எல்.எம். 3886 என்னும் சில்லைக் கொண்டது. நடுவிலிருந்து இருபுறமும் 28 வோல்ட் கொடுத்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் 68 வாட் தரும். நம் மண்டபத்திற்கு இது தாராளம்.

கணக்கு எளிதுதான். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் உச்சம் 325 வோல்ட். இரு கண்டென்சர்கள் அதைப் பாதியாகப் பகிர்வதால் பிரைமரிக்குக் கிடைப்பது 162. அதற்கு 50 சுற்று. செகண்டரி பக்கத்துக்கு 9. விகிதம் போட்டால் 29 வோல்ட் சொச்சம் வரும். டயோடில் ஒரு வோல்ட் கழிந்து 28 நிற்கும். வீட்டு மின்சாரம் 250 ஆக ஏறினால் இதுவும் 31ஐ நெருங்கும்; சில்லு அதைப் பொறுத்துக்கொள்ளும். சில்லின் வாய்ப்பாட்டையெல்லாம் இங்கே எழுதி நேயர்களை அலுக்கச்செய்ய விரும்பவில்லை. 15 கிலோ ஓம் தடையும் ஒரு நானோஃபாரட் கண்டென்சரும் வைத்தால் மேற்சொன்ன 47,000 சுழற்சி கிட்டுமென்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

கணக்கு எளிது, கைதான் அடங்கவில்லை. பழக்கத்தால் 1என்5408 டயோடுகளை வைத்தோம். நொடிக்கு ஐம்பது முறை திறந்து மூடுவதற்கென்று பிறந்தவை அவை. நாற்பத்தேழாயிரம் முறை கதவடைக்கச் சொன்னால் பாவம், மூடுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. மூன்று நிமிடத்தில் ஈயப்பற்று உருகி ஒன்று தானே கழன்று விழுந்தது. பின்னர் எம்.யு.ஆர். 820 என்னும் அதிவேக டயோடுகளை வாங்கிப் போட்டோம். இன்னொரு நாள் செகண்டரியில் ஸ்க்ரூடிரைவர் நுனி தட்டிக் குறுக்குத்தொடர்பு நேர்ந்தது. ஐ.ஆர். 2153க்கு அத்தகைய வேளையில் நிறுத்தத் தெரியாது. ஃபியூஸ் போகும் முன்னே இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் பட்டாசுபோல் வெடித்தன. அடுக்களையிலிருந்து, “ஏங்க, உசுரோட இருக்கீங்களா?” என்று குரல் வந்தது. இருக்கிறோம் என்று பதில் கொடுத்துவிட்டு, அன்று முதல் முன்யோசனை ஒன்றைக் கைக்கொண்டோம். புதிதாக முடித்த எதையும் முதன்முறை நேரே மின்சாரத்தில் செருகுவதில்லை; 60 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடரில் இட்டே செருகுவோம். விளக்கு ஒருகணம் மின்னி அணைந்தால் நலம். விடாமல் எரிந்தால் உள்ளே பிழை இருக்கிறது, ஆனால் ஒன்றும் வெடிக்காது. இக்காலத்தில் எல்.இ.டி. விளக்கே எங்கும் விற்பதால் இழைவிளக்குக்கு அலையவேண்டியிருந்தது. இவ்வேலைக்கு எல்.இ.டி. பயன்படாது.

மற்றொன்றையும் சொல்லிவிடுவோம். மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் அந்த இரு கண்டென்சர்களில் 325 வோல்ட் அப்படியே தங்கியிருக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் தடை இட்டு, பிடுங்கியபின் மூன்று நிமிடம் கைகட்டிக் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்தே உள்ளே கைவைக்க வேண்டும். பார்சல் எண்ண வரும்போது மட்டும் நமக்குப் பொறுமை உண்டு. இங்கே அதைப் புதிதாகக் கற்றோம்.

மார்கழி தொடக்கத்தில் பெட்டி முடிந்தது. அடுக்களைத் தராசில் மின்பெட்டியை மட்டும் நிறுத்தோம்: 350 கிராம். சாப்பாட்டு டப்பா அளவுதான். பாட்டுப் போட்டால் பழைய டிரான்ஸ்பார்மரின் ‘உம்’ என்ற ரீங்காரம் அறவே இல்லை. அருகில் வைத்த மத்திய அலை வானொலி மட்டும் கரகரத்தது. அதைத் தகரப் பெட்டிக்குள் அடைத்துச் சரிசெய்தோம். மூன்று வாரம் தினமும் மாலையில் ஓடிற்று. நமக்குத் தலைகால் தெரியவில்லை. செயற்குழுப் பெரியவர்களும் ஒற்றைக் கையால் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

பொங்கல் விழாவிற்குக் குழந்தைகளின் பேச்சுப் பயிற்சி மண்டபத்தில் நடந்தது. அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியொருத்தி வெறுங்காலோடு வந்து மைக்கைப் பிடித்தவள் சட்டென்று விட்டுவிட்டாள்.

“மாமா, மைக் கடிக்குது.”

கூடியிருந்தோர் சிரித்தனர். மேடைக் கூச்சத்திற்கு இப்படியொரு சாக்கா என்றார் ஒருவர். நாமும் போய்ப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் நம் காலில் ரப்பர்ச் செருப்பு இருப்பது நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் மெல்லத் தொட்டோம். எறும்பு ஊர்வதுபோலச் சுருக்கென்றது. சிறுமி சொன்னது முற்றும் உண்மை.

மீட்டரை எடுத்து ஆம்ப்ளிபயர் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே அளந்தோம். 110 வோல்ட் காட்டிற்று. காரணம் நுழைவாயில் வடிகட்டியில் இருந்தது. அதில் 4,700 பிக்கோஃபாரட் கண்டென்சர் இரண்டு, மின்கம்பிகள் இரண்டிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்கு இணைந்திருக்கும். மாஸ்ஃபெட்டுகள் எழுப்பும் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் வடிய வழியின்றி, பெட்டி பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். யார் தொடுகிறார்களோ அவர் வழியே வடியும். நமது கணக்குப்படி 0.34 மில்லி ஆம்பியர். உயிருக்கு ஊறு செய்யாது. குழந்தையைத் திடுக்கிடவைக்கப் போதும். மண்டபத்துச் சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தால், மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. துளை மட்டும் அழகாக இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, பிழை மண்டபத்தினுடையது என்று அத்துடன் மூடிவைத்திருக்கலாம். நமக்கு உறக்கம் வரவில்லை. மைக்கின் உலோகம் கேபிளின் வலை வழியே செகண்டரியோடு சேர்ந்தது. செகண்டரியிலிருந்து 325 வோல்ட் பிரைமரியைப் பிரித்து வைத்திருப்பது எது? நம் கையால் சுற்றிய டேப். பழைய இரும்பு டிரான்ஸ்பார்மரில் இந்தக் கவலை எழுந்ததேயில்லை. தடித்த காகிதமும் தாராளமான இடைவெளியுமாக அதைச் செய்தவர்கள் அந்த எடைக்குள்ளேயே காப்பையும் வைத்துக் கட்டியிருந்தார்கள். நாமோ எடையை எடுத்துவிட்டோம்.

இரவு பதினொரு மணிக்கு டிரான்ஸ்பார்மரை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தோம். சுற்று சுற்றாக அவிழ்த்து வருகையில், பாபினின் ஒரு மூலையில் செகண்டரிக் கம்பியொன்று டேப்பின் ஓரத்தைத் தாண்டிச் சரிந்து, பிரைமரிச் சுற்றின்மேலேயே படுத்திருப்பதைக் கண்டோம். இரண்டுக்கும் நடுவே கம்பிகளின்மேல் பூசிய எனாமல் மட்டுமே இருந்தது. ஓரங்களில் 3 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டுச் சுற்றவேண்டும் என்பது விதி. அப்படி விட்டால் இடம் போதவில்லை, பெரிய உட்கரு வாங்கவேண்டும், பெட்டி பெரிதாகிவிடும் என்று அதை நாம் விட்டிருந்தோம். எனாமல் வெப்பத்திலும் அதிர்விலும் என்றோ ஒருநாள் தேய்ந்திருக்கும். அன்று மைக்கைப் பிடித்திருப்பவர் யாரோ, யாரறிவார்? மூன்று வாரம் பிசிறின்றிப் பாடிய பெட்டி அது.

மறுநாள் மின்பிரிவில் பணிபுரியும் நண்பரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் 500 வோல்ட் மெகர் கொண்டு வந்து, நாம் ஓர் ஆர்வத்தில் முன்னரே சுற்றி வைத்திருந்த அதே மாதிரியான மற்றொரு டிரான்ஸ்பார்மரைச் சோதித்தார். அதிலும் ஓரவிடம் விடவில்லை. மெகர் நல்லதென்றே காட்டிற்று! ‘எனாமல் புதிதாக இருக்கும்வரை மெகருக்குப் பிடிபடாது. தொழிற்சாலைகளில் 3,000 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள், அதற்கும் மேலே இடைவெளியை அளவுகோல் வைத்து அளப்பார்கள்’ என்றார் நண்பர். ஆக, காதால் கேட்டும் தெரியாது, மீட்டரால் பார்த்தும் தெரியாது. சுற்றும்போது சரியாகச் சுற்றினோமா என்பது சுற்றியவருக்கே வெளிச்சம்.

இரண்டாம் முறை சுற்றியதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். செய்யப்புகுவோர் இவ்விடத்தில் மட்டும் அவசரப்படலாகாது. பாபினின் இரு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு டேப்பைச் சுற்றிக் கரைபோல் உயர்த்தினோம். கம்பி அக்கரையைத் தாண்டக்கூடாது. 0.4 மில்லிமீட்டர்க் கம்பி இரண்டைச் சேர்த்துப் பிரைமரி 50 சுற்று. மூன்று அடுக்காக வந்தது. இவ்வளவு விரைவான மின்சாரம் கம்பியின் மேற்புறத்திலேயே ஓடுவதால் தடித்த ஒற்றைக் கம்பியைவிட மெல்லிய பல இழைகளே சிறந்தவை. பிறகு பாபினின் முழு அகலத்துக்கும், இரு கரைகளையும் மூடுமாறு, பாலியெஸ்டர் டேப் மூன்று முழுச் சுற்று. மூன்று என்பது கணக்கோடுதான்: ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் மற்ற இரண்டு காக்கும். அதன்மேல் ஐந்திழை முறுக்கிய கம்பியால் செகண்டரி, ஒன்பதும் ஒன்பதுமாக. அதற்கும் ஓரத்தில் கரை உண்டு. வெளிவரும் முனைகளுக்கெல்லாம் ஸ்லீவ் மாட்டினோம். பிரைமரி முனைகள் ஒருபுறமும் செகண்டரி முனைகள் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன. கீழே பலகையிலும் இரு பக்கத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் செம்பை நீக்கினோம். பாபின் ததும்ப நிறைந்துவிட்டது. உட்கருவின் இரு பாதிகளும் சேர்வதற்குள் நம் பிராணன் போய்வந்தது. ஆனால் அதே உட்கருவில்தான் அடங்கிற்று. பெரியது வேண்டுமென்று முன்னர் நாம் எண்ணியது வெறும் சோம்பல்.

செயற்குழுவில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். மூத்தவர் ஒருவர், “தம்பி, பாட்டு நல்லாத்தானே கேட்டுச்சு? விழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு” என்றார். “ஐயா, பெட்டி சரியாகிவிட்டது. எர்த் வராமல் மேடையேற்ற மாட்டோம்” என்று விடையளித்தோம். நாம் அவரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே மண்டபத்தாரிடம் போய்ப் பாதிச் செலவு சங்கத்தினுடையது என்று பேசி முடித்தார். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து குழிதோண்டி, இரண்டரை மீட்டர் நீளக் கால்வனைஸ்ட் குழாயை உப்பும் கரியுமிட்டுப் புதைத்துக் கம்பி இழுத்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பலகையில் பொருத்தினார். பெட்டிக்கும் குழாய்க்கும் இடையே மறுபடி அளந்தபோது மீட்டர் ஒரு வோல்ட்டைக்கூட எட்டவில்லை.

பொங்கலன்று அச்சிறுமி மேடையேறும் முன் நம்மைத் தேடி வந்தாள். “இப்பக் கடிக்காதா மாமா?” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்று மைக்கை இறுகப் பிடித்துக் காட்டினோம். அவள் அதையும் முழுதாக நம்பவில்லை. ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள். இரண்டாம் பரிசு பெற்றாள்.

மின்பெட்டியின் வரைபடத்தையும் அவிழ்த்தெடுத்த பழைய சுற்றையும் சங்கத்துப் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். செய்து பார்க்க விழைவோர் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தால் உடனிருந்து காட்டுவோம். பாபின் சுற்றுவதற்குத் தயங்குவோர் ஆயத்தப் பெட்டி வாங்கிக்கொள்வதே மேல், அதில் குறைவொன்றுமில்லை. இரண்டையும்விட முன்பாக, தத்தம் வீட்டுச் சுவர்ப்பெட்டிகளில் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் மிக்சியின் கார்பன் பிரஷ் மாற்றுவது பற்றி எழுதுவோம்.